கண்ணோட்டமும் முறையும்: குற்றச் செய்தியில் ஏடுகளின் சார்பு

மதுரை மாநகரில் கோவலன் வெட்டுண்டு இறந்ததற்கு முதற்காரணம் ஒரு செய்தி. பொற்கொல்லன் ஒருவன் அரசனிடம் சென்று, அரசியின் சிலம்பைத் திருடிய கள்வன் தன் குடிலருகே இருக்கிறான் என்று சொன்னான். அரசன் அச்செய்தியை ஆராயவில்லை, ஆள் அனுப்பினான். பின்னர்க் கண்ணகி அவைக்கு வந்து தன் சிலம்பை உடைத்தபோது மாணிக்கப் பரல் தெறித்தது. அரசியின் சிலம்பிலோ முத்துப் பரல். ஒரு நாழிகையில் செய்திருக்கக் கூடிய அந்தச் சோதனையைக் கோவலன் உயிரோடிருந்தபோது எவரும் செய்யவில்லை.

சிலப்பதிகாரம் பயில்வோர் இந்நிகழ்ச்சியில் அரசனின் பிழையையே பெரிதும் நோக்குவர். செய்தி கொண்டு வந்தவனையும் சற்று நோக்குதல் தகும். உண்மைத் திருடன் அவனே. தான் சொன்ன செய்தியால் ஆதாயம் பெறக் கூடியவன் அவன். அந்த ஆதாயம் எவர் கண்ணுக்கும் படாதபடி, அரசனுக்கு நன்மை செய்பவன் போலவே அவன் பேசினான்.

இக்காலத்தில் குற்றச் செய்தியை ஊருக்குக் கொண்டு வருவன நாளேடுகளும் வார ஏடுகளுமே. அவற்றின்மீது பொதுமக்கள் கூறும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: வழக்கு முடியுமுன் குற்றம் சாட்டப்பட்டவரைக் குற்றவாளி ஆக்கிவிடுகின்றன என்பது. அக்குறை நியாயமானதே. ஆயினும் சார்பு என்பது வெறுப்பினால் மட்டும் வருவதன்று. இரக்கத்தினாலும் வரும். வெறுப்பினால் வரும் சார்பைக் கண்டுகொள்வது எளிது. இரக்கத்தினால் வருவதோ அறத்தின் உடையை உடுத்து வருகிறது. இவ்வுண்மைக்கு மிகத் தெளிவான சான்று, 1959-ஆம் ஆண்டில் பம்பாயில் எழுந்த நானாவதி வழக்கு.

வழக்கின் செய்தி

இந்தியக் கடற்படையில் கமாண்டர் பதவி வகித்தவர் கே. எம். நானாவதி. ‘மைசூர்’ என்னும் போர்க்கப்பலின் இரண்டாம் தலைவர். 1959 ஏப்ரல் 27-ஆம் நாள், தமக்கும் பிரேம் அஹூஜா என்னும் மோட்டார் வண்டி வணிகருக்கும் தொடர்பு உண்டென்று அவர் மனைவி அவரிடம் ஒப்புக்கொண்டார். அதன்பின் நானாவதி மனைவியையும் குழந்தைகளையும் திரைப்பட அரங்கில் இறக்கிவிட்டார். கப்பலுக்குச் சென்றார். இரவில் தனியே அகமத்நகருக்கு வண்டி ஓட்டிச் செல்ல வேண்டியிருக்கிறது என்று பொய்க்காரணம் கூறி, ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் பெற்றார். அவற்றை ஓர் உறையில் இட்டுக்கொண்டு அஹூஜாவின் அலுவலகத்துக்குப் போனார். அங்கே அவர் இல்லை. பின்னர் வீட்டுக்குப் போனார். படுக்கையறைக்குள் துப்பாக்கி வெடித்தது; அஹூஜா இறந்தார். நானாவதி தாமே சென்று காவல்துறையிடம் சரணடைந்தார்.

அமர்வு நீதிமன்றத்தில் ஒன்பது ஜூரர்கள் வழக்கைக் கேட்டனர். எண்மர் குற்றமற்றவர் என்றனர். ஒருவர் மட்டும் மாறுபட்டார். நீதிபதி அம்முடிவை ஏற்கவில்லை. அறிவுடைய எவரும் இச்சான்றுகளைக் கொண்டு இவ்வாறு முடிவு செய்யார் என்று கருதி, வழக்கை உயர்நீதி மன்றத்துக்கு அனுப்பினார். 1960 மார்ச்சு 11-ஆம் நாள் பம்பாய் உயர்நீதி மன்றம் கொலைக் குற்றம் மெய்ப்பட்டதென்று ஆயுள் தண்டனை விதித்தது. 1961 நவம்பர் 24-ஆம் நாள் இந்தியத் தலைமை நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

ஏடு எழுதிய தீர்ப்பு

அந்நாளில் பம்பாயில் ‘பிளிட்ஸ்’ என்னும் ஆங்கில வார ஏடு பெருவாரியாக விற்றது. அதன் ஆசிரியர் ஆர். கே. கரஞ்சியா. வழக்குத் தொடங்கியது முதல் அவ்வேடு நானாவதியின் பக்கம் நின்றது. நேர்மையுள்ள படை அதிகாரி, அன்புள்ள கணவன், நம்பி ஏமாந்தவன் என்று அவரைத் தீட்டியது. இறந்தவரோ பணக்காரர், இன்பநாட்டம் உடையவர், பிறன்மனை கெடுத்தவர். இவ்வாறு இரு உருவங்கள் வாரந்தோறும் அச்சேறின. கால் ரூபாய்க்கு விற்ற அவ்வேடு இரண்டு ரூபாய்க்குக் கைமாறியது என்று சொல்வர். தெருவில் ‘நானாவதி துப்பாக்கி’ என்று விளையாட்டுத் துப்பாக்கியும், ‘அஹூஜா துண்டு’ என்று குளியல் துண்டும் கூவி விற்கப்பட்டன. இறக்கும்போது அஹூஜா இடுப்பில் ஒரு துண்டுதான் கட்டியிருந்தார். ஒரு மனிதன் செத்த கோலம் கடைச் சரக்காயிற்று.

அவ்வேடு பொய் எழுதியது என்று கூறுவது எளிது; ஆனால் அது சரியான குறை அன்று. நானாவதி மதிப்புள்ள அதிகாரி என்பது உண்மை. அவர் நம்பிக்கை துரோகத்துக்கு ஆளானவர் என்பதும் உண்மை. சார்பு எப்போதும் பொய்யில் குடியிருப்பதில்லை. எந்த உண்மையைத் தலைப்பில் இடுவது, எதை உள்ளே தள்ளுவது, எதை விட்டுவிடுவது என்னும் தெரிவில் அது குடியிருக்கிறது.

எதை விட்டனர் என்று பார்த்தால் சார்பு விளங்கும். மனைவி உண்மை சொன்னதற்கும் துப்பாக்கி வெடித்ததற்கும் இடையே சில மணி நேரம் இருந்தது. அந்நேரத்தில் குடும்பத்தைத் திரைப்படத்துக்கு அனுப்பும் அமைதி இருந்தது. கப்பலில் காரணம் கற்பித்துச் சொல்லும் தெளிவு இருந்தது. ஓரிடத்தில் காணாமல் வேறிடம் தேடிச் செல்லும் உறுதி இருந்தது. தலைமை நீதிமன்றம் இதையே எடுத்துக்காட்டியது. திடீரென மூண்ட ஆத்திரத்தில் செய்த செயல் என்றால் சட்டம் குற்றத்தின் கடுமையைக் குறைக்கும். ஆனால் ஆத்திரம் தணிந்து அறிவு திரும்பப் போதிய நேரம் இருந்தபின் அந்தச் சலுகை கிடையாது. நீதிமன்றத்தில் வழக்கின் உயிர்நிலையாக இருந்த அந்த மணி நேரங்கள், ஏட்டின் கதையில் இடம் பெறவில்லை எனலாம்.

ஒரு முரண்

இவ்வழக்கில் ஊன்றி நோக்க வேண்டிய முரண் ஒன்று உண்டு. நானாவதியின் வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் முதன்மையாகச் சொன்னது என்ன? அவர் அஹூஜாவைச் சுட வேண்டும் என்று சுடவில்லை. துப்பாக்கிக்காக இருவரும் கைகலந்தபோது அது தானே வெடித்தது, இது தற்செயல் என்பதுதான். ஊரார் பாராட்டியதோ வேறு. மானங்காக்கச் சுட்டான், ஆண்மகன் என்று பாராட்டினர்.

இரண்டும் ஒருங்கே உண்மையாதல் இயலாது. தற்செயலாக வெடித்தது எனின் அங்கே வீரச்செயல் ஏதும் இல்லை. மானங்காக்கச் சுட்டது எனின் அது தற்செயல் அன்று. ஆகவே, அவரே தாம் செய்யவில்லை என்று ஆணையிட்டுச் சொன்ன ஒரு செயலுக்காக ஊர் அவரைப் புகழ்ந்தது. கைகலப்பு நடந்ததா என்பதை ஆராய்ந்த தலைமை நீதிமன்றம், இறந்தவர் இடுப்பில் இருந்த துண்டு கலையாமல் கட்டியபடியே இருந்ததைக் குறித்துக்கொண்டது. தெருவில் வேடிக்கைப் பொருளாக விற்ற அதே துண்டு, நீதிமன்றத்தில் அமைதியாகச் சான்று பகர்ந்தது. கண்ணகி சிலம்பின் பரல் போன்றது அது. ஆனால் அதைக் கையில் ஏந்திக் கேட்க அஹூஜாவுக்கு ஏடுகளில் ஆள் இல்லை.

ஜூரர்கள் பிளிட்சைப் படித்துத்தான் அவ்வாறு முடிவு செய்தனர் என்று எவரும் மெய்ப்பிக்க இயலாது. ஜூரரின் நெஞ்சைத் திறந்து பார்க்க வழி இல்லை. உயர்நீதி மன்றம் அம்முடிவைத் தள்ளியதற்குச் சொன்ன காரணமும் ஏடுகளின் கூச்சல் அன்று. நீதிபதி ஜூரர்களுக்குச் சட்டத்தை விளக்கியதில் நேர்ந்த பிழைகளும், சான்றுகளுக்கு அம்முடிவு பொருந்தாமையுமே. இவ்வழக்கினால்தான் இந்தியாவில் ஜூரி முறை ஒழிந்தது என்று பலர் எழுதுவதும் முழு உண்மை அன்று. 1958-இலேயே இந்தியச் சட்ட ஆணைக்குழு அம்முறையை நீக்குமாறு கூறிவிட்டது. ஏட்டின் சார்பைக் குறை கூறுவோர், தாமும் சான்றுக்கு மிஞ்சிப் பேசுதல் ஆகாது.

மன்னிப்பு என்னும் பண்டமாற்று

ஏட்டின் ஆற்றல் ஐயத்துக்கு இடமின்றித் தெரிவது தீர்ப்புக்குப் பின்னர்த்தான். உயர்நீதி மன்றம் தண்டனை விதித்த அதே நாளில் பம்பாய் ஆளுநர் ஸ்ரீ பிரகாசா அதை நிறுத்தி வைத்தார். முன்னர்ச் சென்னை மாநில ஆளுநராக இருந்தவராதலின் தமிழர் அறிந்த பெயர் அது. நானாவதி பொதுச் சிறைக்குப் போகாமல் கடற்படைக் காவலில் இருக்கலாயிற்று. ஆளுநருக்கு அவ்வாறு செய்யும் அதிகாரம் உண்டா என்று நாடே வினவியது. மேல்முறையீடு தன்முன் இருக்கையில் அவ்வாணை செல்லாது என்று 1960 செப்டம்பரில் தலைமை நீதிமன்றம் கூறியது.

இறுதித் தீர்ப்புக்குப் பின்னும் பிளிட்ஸ் மன்னிப்புக் கோரி எழுதியது. இதற்குள் வழக்கு இரு சமூகத்தாரின் பூசலாக உருமாறிவிட்டது. நானாவதி பார்சி, ஏட்டின் ஆசிரியரும் பார்சி. இறந்தவர் சிந்தி. நாட்டுப் பிரிவினையால் 1947-க்குப் பின் வீடு வாசல் இழந்து வந்து பம்பாயில் கடை வைத்துப் பிழைத்த மக்கள் சிந்திகள். தம்மவர் ஒருவர் கொலையுண்டதை ஊர் கொண்டாடுவதைக் கண்டு அவர்கள் மனம் எரிந்திருப்பர் என்பதில் வியப்பில்லை. 1964-இல் ஆளுநர் விஜயலட்சுமி பண்டிட் நானாவதிக்கு மன்னிப்பு அளித்தார். அப்போதே, இறக்குமதி உரிமம் தொடர்பான வழக்கில் தண்டனை பெற்றிருந்த பாய் பிரதாப் என்னும் சிந்தித் தலைவருக்கும் மன்னிப்பு அளிக்கப்பட்டது. ஒரு தட்டில் பார்சி, மறு தட்டில் சிந்தி என்று தராசு நிறுத்தப்பட்டது.

மன்னிப்பு என்பது அரசின் அருட்செயல். அதைத் தவறென்று கூறுவதற்கில்லை. ஆனால் இரண்டு சமூகங்களை அமைதிப்படுத்தச் செய்யும் பண்டமாற்றாக அது ஆகும்போது, அருளும் இல்லை, முறையும் இல்லை. அந்நிலைக்கு அவ்வழக்கைக் கொண்டு சென்றதில் ஏட்டுக்குப் பங்கு உண்டு. அதே ஆண்டுகளில் அதே சிறைகளில், கமாண்டர் பட்டமும் வெண்சீருடையும் இல்லாமல், ஆத்திரத்தில் கொலை செய்துவிட்டு அடைபட்டிருந்த கூலிக்காரர்களும் உழவர்களும் இருந்திருப்பர். அவர்களுக்காக எந்த ஏடு வாரந்தோறும் எழுதியது?

மறுபுறம்

சார்பின் மறுமுகத்தைக் காண அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகருக்குச் செல்ல வேண்டும். 1954 ஜூலை 4-ஆம் நாள் சாம் ஷெப்பர்ட் என்னும் மருத்துவரின் மனைவி, கருவுற்றிருந்த நிலையில், வீட்டில் கொலையுண்டார். யாரோ ஒருவன் புகுந்து தாக்கினான் என்றார் கணவர். ‘கிளீவ்லாந்து பிரஸ்’ என்னும் நாளேடு அவரை நம்பவில்லை. யாரோ கொலை செய்துவிட்டுத் தப்புகிறார் என்று முதற்பக்கத்தில் முழங்கியது. விசாரணை ஏன் நடக்கவில்லை என்று கேட்டது. ஷெப்பர்ட் ஏன் இன்னும் சிறையில் இல்லை என்று கேட்டது. கேட்டவை ஒவ்வொன்றும் நடந்தன. மரண விசாரணை ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில், ஒலிபரப்புக் கருவிகளின் நடுவே நடைபெற்றது. ஜூரர்களின் பெயரும் முகவரியும் வழக்குக்கு முன்பே ஏடுகளில் வந்தன. நீதிமன்றத்தினுள் நிருபர்களுக்கு மேசை போட்டுக் கொடுத்தனர். அவர்கள் அமர்ந்த நெருக்கத்தில் குற்றம் சாட்டப்பட்டவர் தம் வழக்கறிஞரிடம் கமுக்கமாகப் பேசவும் இயலவில்லை. ஆண்டிறுதியில் அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

1966-இல் அமெரிக்கத் தலைமை நீதிமன்றம், எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், அவ்விசாரணை முறையானதன்று என்று தள்ளியது. அவ்வாண்டே நடந்த மறுவிசாரணையில் அவர் விடுவிக்கப்பட்டார். பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன; நான்காண்டுகளில் அவர் இறந்தும் போனார். நீதிமன்றம் பழியை ஏடுகள்மேல் மட்டும் சுமத்தவில்லை. வழக்கைத் தள்ளி வைக்கலாம், வேறூருக்கு மாற்றலாம், ஜூரர்களைத் தனியே தங்க வைக்கலாம், சாட்சிகள் வெளியே பேசாமல் தடுக்கலாம். இவற்றைச் செய்யாத நீதிபதியின் பிழையே பெரிது என்றது. ஏடுகள் நீதிக்குத் துணை செய்பவை என்பதையும் அதே தீர்ப்பு மறக்கவில்லை. மூடிய கதவுக்குள் நடக்கும் விசாரணையில் ஏழைக்கு என்ன நேரும் என்பதை எவரும் அறிவர்.

பம்பாயில் ஏடு இரங்கியது; கிளீவ்லாந்தில் ஏடு சினந்தது. செய்த பிழை ஒன்றே. இரண்டிடத்திலும் ஏடு முதலில் தீர்ப்பை எழுதிக்கொண்டு, பின்னர் அதற்கேற்ற செய்தியைத் திரட்டியது. இரண்டிடத்திலும் விற்பனை பெருகியது. பொற்கொல்லனின் ஆதாயம் போலவே அதுவும் முதற்பக்கத்தில் தெரியவில்லை.

வள்ளுவர் வகுத்த எல்லை

வள்ளுவர் கண்ணோட்டத்துக்கென்று ஓர் அதிகாரம் வகுத்தவர். அஃது இல்லாரை மிகக் கடுமையாக இகழ்ந்தவர். அவரே செங்கோன்மை அதிகாரத்தின் முதற் குறளில், எவரிடத்தும் கண்ணோடாமல் ஆராய்ந்து செய்வதே முறை என்றார். இரண்டும் முரண் அல்ல. கண்ணோட்டத்தைப் புகழும் அதிகாரத்திலேயே, கடமை கெடாதபடி கண்ணோட வல்லாரை உயர்த்திப் பேசுகிறார். இரக்கத்துக்கு இடம் உண்டு. அந்த இடம் ஆராய்ச்சிக்குப் பின்னர். ஆராயும்போதே இரங்கினால், எவன் நம் கண்முன் நிற்கிறானோ அவனுக்கே இரக்கம் போய்ச் சேரும். இறந்தவன் கண்முன் நிற்பதில்லை.

இக்கருத்து மலேசியர்க்கும் சிங்கப்பூரார்க்கும் இன்று மிகவும் வேண்டப்படுவது. சிங்கப்பூர் 1969-இலும் மலேசியா 1995-இலும் ஜூரி முறையைக் கைவிட்டன. பயிற்சி பெற்ற நீதிபதி ஏட்டைப் பார்த்து மயங்கமாட்டார்; ஆகவே ஏடுகள் என்ன எழுதினால் என்ன என்று சிலர் கேட்பர். விடை எளிது. மலேசியாவில் 2023-இல் கட்டாய மரண தண்டனை நீக்கப்பட்டது. தூக்கா, 30 முதல் 40 ஆண்டுச் சிறையா என்று தேரும் பொறுப்பு இப்போது நீதிபதியிடம் இருக்கிறது. மன்னிக்கும் அதிகாரமோ நீதிமன்றத்துக்கு வெளியே இருக்கிறது. அங்கெல்லாம் பொதுமக்களின் குரல் எட்டும். மேலும், விடுதலை பெற்று வீடு திரும்புபவனை ஏற்பதும் விலக்குவதும் நீதிபதி அல்லர், ஊரார். கைது செய்தி படத்துடன் முதற்பக்கத்திலும், விடுதலைச் செய்தி உள்ளே ஒரு மூலையில் நான்கு வரியிலும் வந்தால், ஊர் எதை நினைவில் வைக்கும்?

தோட்டப்புறங்களில் ஒருவர் ஏடு படிக்கப் பலர் சூழ்ந்து கேட்கும் வழக்கம் முன்னர் இருந்தது. படிப்பவர் குரலை உயர்த்திய இடம் கேட்டவர்க்கு உண்மையாயிற்று. இன்று ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி இருக்கிறது. குரலை உயர்த்துவோர் தொகை பெருகிவிட்டது. ஆகவே ஆசிரியர்கள் மாணவர்க்குச் செய்தி படிக்கக் கற்பிக்கையில் ஒரு வினாவைப் பழக்குவது நன்று: ‘இச்செய்தியில் பேசாதவர் யார்?’ குற்றம் சாட்டப்பட்டவர் பேசவில்லையா? இறந்தவரின் வீட்டார் பேசவில்லையா? அவருக்கு என்ன சொல்லக் கிடக்கிறது என்று அறியும் வரை தீர்ப்பை நிறுத்தி வைத்தல் வேண்டும். ஏட்டாசிரியர்களுக்கும் அதே வினா பொருந்தும்.

நானாவதி கதை 2016-இலும் ‘ருஸ்தம்’ என்னும் பெயரில் இந்தித் திரைப்படமாக வந்தது. அப்படத்தில் கடற்படை அதிகாரியே நாயகன்; ஜூரர்கள் அவனை விடுவிக்கின்றனர்; கதை அத்துடன் மகிழ்ச்சியாய் முடிகிறது. உயர்நீதி மன்றமும் தலைமை நீதிமன்றமும் ஆராய்ந்து கண்டது மக்கள் நினைவில் தங்கவில்லை. 1959-இல் ஒரு வார ஏடு எழுதிய தீர்ப்பே ஐம்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின்னும் நிலைத்து நின்றது. கோவலனுக்காகக் கேட்க ஒரு கண்ணகி வந்தாள். பிரேம் அஹூஜாவுக்காகக் கேட்ட குரல் மக்கள் நினைவில் தங்கவில்லை.